வேகத்தடையா, குறுகும் தெருவா?

தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்றதும் குடியிருப்போர் கூட்டத்தில் எழும் முதல் குரல், "வேகத்தடை போடச் சொல்லுங்கள்" என்பதுதான். பயனில்லை என்று சொல்ல மாட்டேன். மேட்டின் மேல் யாரும் 50 கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை. தாண்டியதும்தான் சிக்கல்: இழந்த நொடிகளைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். மேட்டுக்கு எதிர்வீட்டில் இரவெல்லாம் பிரேக் கிறீச்சிடும், லாரியின் பின்கதவு தடதடக்கும். அதனால் எல்லாருக்கும் வேகத்தடை வேண்டும், தன் வாசலில் மட்டும் வேண்டாம்! ஆம்புலன்ஸும் அதே மேட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். இடைவெளி விட்டுத் திண்டுகளாக அமைத்தால், அகலத் தள்ளியிருக்கும் அதன் சக்கரங்கள் திண்டின் இருபுறமும் போய்த் தப்பிக்கும். நாமே சிமெண்ட் கொட்டி மேடு கட்டுவது மட்டும் கூடவே கூடாது. வண்ணம் பூசாத செங்குத்து மேடு இருட்டில் இருசக்கர வண்டியைக் கவிழ்த்துவிடும்.

என் ஓட்டு தெருவைக் குறுக்குவதற்கே. அகலமாக, நேராகக் கிடக்கும் தெரு ஓட்டுநரை விரட்டச் சொல்கிறது. உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியோடு வண்டிகளை இருபுறமும் மாற்றி மாற்றி நிறுத்தி, முனையில் பூந்தொட்டிகள் வைத்தால் பாதை வளைகிறது. கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் இந்த வழியில் தெருக்களை மாற்றத் தொடங்கினார்கள். 1976இல் அதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. குறை ஒன்று உண்டு. நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஓடிவரும் குழந்தை கண்ணில் படாது. ஆகவே கடக்கும் இடத்தைக் காலியாக விட வேண்டும். ஒரே ஒரு வேகத்தடை வேண்டுமானால் அங்கே போடலாம்.

எச்சரிக்கைப் பலகை? மலிவு. பத்து நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

செலவே இல்லாத வழி, நாம் 30இல் ஓட்டுவது. பறப்பவர்களில் நம் தெருக்காரர்களும் உண்டே! முந்த இடமில்லாத தெருவில் ஒரு வண்டி நிதானமாகப் போனால் பின்னால் வருபவையும் அடங்கும். அகலத் தெருவில் இது பலிக்காது. 30இல் வரும் கார், உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50இல் வருபவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும்.

எதைக் கேட்பதானாலும் முதலில் அளந்துவிடுங்கள். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள், கையில் ஒரு நிறுத்துக்கடிகாரம் போதும். 6 நொடிக்குள் கடக்கும் வண்டி 30ஐத் தாண்டியது, 3.6 நொடி என்றால் 50. ஒரு மாலை நேரத்துக் கணக்கை மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.