பால் கட்டினால் வெந்நீரா, ஐஸா, மல்லிப்பூவா?

பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம். இடது மார்பில் அக்குள் பக்கமாக எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. மேல்தோல் சிவந்து, ஜாக்கெட் உரசினாலே உயிர் போகிற வலி. கூடவே குளிர் காய்ச்சல். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டில் உடனே மூன்று கட்சி உருவாகிவிட்டது. அம்மா வெந்நீர், கிராம நர்ஸம்மா ஐஸ், பெரியம்மா மார்பில் வைத்துக் கட்ட மல்லிப்பூ.

வெந்நீர் ஒத்தடம் முதலில் ஜெயித்தது. "சூடு போட்டாத்தாண்டி கரையும்." துண்டு மார்பில் இருக்கும்வரை சுகம்தான். எடுத்த அரை மணியில் முன்பைவிட விண்ணென்று தெறித்தது. உள்ளே இருப்பது உறைந்த பால், உருக்கினால் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அது வீக்கம். சுற்றியுள்ள சதை வீங்கிப் பால் குழாய்களை நெருக்குகிறது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடலாம்.

ஐஸ் இதற்கு நேர் எதிர். முன்பெல்லாம் டாக்டர்களே சூடுதான் சொல்வார்கள். தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குளிர்ச்சியைத்தான் முன்னால் வைக்கிறது. ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வைத்தேன். பிரிட்ஜ் இல்லாவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் லேசான வெதுவெதுப்பு இதமாக இருந்தால் அது மட்டும் சரி.

மல்லிப்பூவைக் கிண்டல் செய்ய மாட்டேன். பால் நிறுத்த அப்போது தந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் ஆய்வே வந்திருக்கிறது. பூவும் பாலைக் குறைத்தது. சிக்கலே அதுதான். எனக்குப் பால் வேண்டும்! பெரியம்மா கொண்டுவந்த இரண்டு முழத்தையும் தலையில் வைத்துக்கொண்டேன்.

எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசைவது மூன்றையும்விட மோசம். வீங்கிய சதை இன்னும் நசுங்கும். தடவினால் பூனையைத் தடவுவது போல, அக்குளை நோக்கி மெல்ல.

"கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது" என்றார்கள். ஆகும். திடீரென்று நிறுத்தினால் கட்டு அதிகமாகும். அதற்காக பம்ப் வைத்து ஒட்ட ஒட்டக் கறக்கவும் வேண்டாம்; எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும். பிள்ளை குடிக்கிற அளவு போதும்.

மாத்திரையில் பாரசிட்டமால் காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். இபுபுரூஃபன் வீக்கத்தையும் சேர்த்துக் குறைப்பதால் என் ஓட்டு அதற்கு. பாலில் மிகக் கொஞ்சமே போகும். ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஒரு நாள் கழிந்தும் காய்ச்சல் விடவில்லை, சிவப்பு பரவுகிறது என்றால் ஒத்தடத்தோடு உட்காராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். கிருமித்தொற்று என்றால் ஆன்டிபயாடிக் தருவார்கள். மூன்றாம் நாள் சரியாகிவிட்டதே என்று பாதியில் விடாதீர்கள். அப்புறமும் கட்டி கரையாமல், அமுக்கினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால் சீழ் கோத்திருக்கலாம். ஸ்கேன் பார்த்து ஊசியாலேயே உறிஞ்சி எடுப்பார்கள், பெரும்பாலும் கத்தி தேவைப்படாது.