கடைசி ஒன்பது நிமிடங்களுக்காக

அமெரிக்க ராக் இசைக்குழுவான லினர்ட் ஸ்கினர்டின் முதல் ஆல்பம் 1973 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் மறுவெளியீடு, 180 கிராம் எடையுள்ள கனமான இசைத்தட்டு, என்னிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மாதம் இரண்டு முறையாவது கேட்டுவிடுவேன்.

முதலில் வந்த தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. நடுத்துளை மையம் தவறியிருந்ததால், ஊசி தாங்கும் கை சுற்றுக்குச் சுற்று இடமும் வலமும் ஆடியது. வேகமான பாடல்களில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. ‘டியூஸ்டேஸ் கான்’ பாட்டில் பில்லி பவலின் பியானோ நீண்டு ஒலிக்கும்போதுதான் சுருதி அலைவது தாங்க முடியாமல் போயிற்று. மாற்றித் தந்த தட்டில் அந்தக் குறை இல்லை. தயாரிப்பாளர் அல் கூப்பர் வாசித்த மெல்லோட்ரான் (ஒலிநாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு), பனி இறங்குவதுபோல் பின்னால் பரவுகிறது.

உண்மையான சோதனை இரண்டாம் பக்கத்தின் முடிவில் இருக்கிறது. ஒன்பது நிமிட ‘ஃப்ரீ பேர்ட்’ அங்கேதான் வருகிறது. தட்டின் விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடும், உள்ளே போகப் போக அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். நுண்ணிய ஒலிகளெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில்தான் இந்தப் பாட்டின் உச்சம் வருகிறது. ஆலன் காலின்ஸ் தன் கிட்டார் வாசிப்பின் மேல் தானே இன்னொரு முறை வாசித்துச் சேர்த்த பகுதி அது. முதல் ஆண்டு முழுவதும் அந்த இடம் எனக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டது. தட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கூம்பு முனை ஊசியை எடுத்துவிட்டு தடத்தின் நுண்ணிய வளைவுகளுக்குள்ளும் நுழையும் நீள்வட்ட முனை ஊசி பொருத்திய அன்று, இரண்டு வாசிப்புகளும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பாப் பர்ன்ஸின் டிரம்ஸ் அவற்றை விரட்டிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கேட்டேன்.

உள்ளுறை வெறும் காகிதம். உருவும்போதெல்லாம் நார்த்தூசு ஒட்டியது, இரண்டு மெல்லிய கீறலும் விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் பூச்சுள்ள உறை தனியாக வாங்கினேன். அட்டையில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஜோன்ஸ்பரோ ஊரின் தெருவில் நிற்கும் ஏழு பேரின் படம் கொஞ்சம் கறுத்தே அச்சாகியிருக்கிறது.

இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் ஊசியைப் பாருங்கள். கூம்பு முனையாக இருந்தால் அதை மாற்றிவிட்டுத் தட்டை வாங்குங்கள்.