சோலைவரி: ஊருக்குப் போகும்போது பார்க்கவேண்டிய கணக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள், அப்படியே வீட்டுச் சோலைவரியையும் (வீடு, காணிக்குச் சபை அறவிடும் ஆதன வரி) கட்டிவிடலாம் என்று மாநகர சபைக்குப் போவது வழக்கம். கட்டலாம், ஆனால் கழிவு (தள்ளுபடி) கிடைக்காது. வரி வருடத்துக்கு நான்கு காலாண்டாக அறவிடப்படுகிறது. முழு வருடத்துக்கும் உரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10% கழிவு. காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5%. மூன்றாம் காலாண்டுக்கு அந்த மாதம் ஜூலை. ஓகஸ்டில் போனால் முழுத்தொகை; செப்டெம்பர் 30ஐயும் தாண்டினால் வாரண்ட் செலவும் (நிலுவையை அறவிடச் சபை எடுக்கும் நடவடிக்கைக்கான செலவு) மேலே ஏறும்.

கணக்கு இலகுவானது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன வருமோ, அதை ஒட்டி விலைமதிப்பீட்டுத் திணைக்களம் வருடாந்தப் பெறுமதி போடும். அதில் இத்தனை வீதம் என்று சபை தீர்மானிக்கும். உதாரணத்துக்கு, பெறுமதி 60,000 ரூபா, வீதம் 8% என்றால் வருட வரி 4,800 ரூபா. ஜனவரியில் மொத்தமாகக் கட்டினால் 4,320. காலாண்டுதோறும் நேரத்துக்குக் கட்டினால் 4,560. வெளிநாட்டுக் காசில் பார்த்தால் மிச்சம் ஒரு கோப்பிக்குத்தான் காணும். ஆனாலும் ஜனவரியில் ஊரிலுள்ள தம்பிக்கோ மருமகனுக்கோ அனுப்பிக் கட்டுவித்தால் நிலுவை என்ற தலையிடி வராது. காசு கட்ட யார் போனாலும் சரி, அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட ஒருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தேவையில்லை.

பழைய பற்றுச்சீட்டு ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கள். கவுண்டரில் ஆதன இலக்கத்தையும் வீதியையும் வைத்துத்தான் தேடுவார்கள். "இன்னாரின் வீடு" என்றால் நேரம்தான் போகும். இடையில் வீட்டிலக்கம் மாறியிருந்தால் பக்கத்து வீட்டு ரசீதும் உதவும். நிலுவை இருந்தால் கட்டும் காசு முதலில் அதற்கே போகும், எனவே எந்த வருடம், எந்தக் காலாண்டு என்று ரசீதைப் பார்த்துவிட்டே நகருங்கள்.

அதைவிட முக்கியம், சபையின் சோலைவரி ஏட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று கேட்பது. இறந்துபோன தகப்பனின் பெயரோ, வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டவரின் பெயரோ இருக்கலாம். சோலைவரி ஏடு காணிக்கு உரித்து ஆகாது, உரித்து உறுதியில்தான் (காணிப் பத்திரத்தில்தான்) இருக்கிறது. ஆனால் பத்து வருட ஆட்சியை (காணியைத் தன் கையில் வைத்து அனுபவித்ததை) காட்டி வழக்குக்குப் போகிறவர் முதலில் நீட்டுவது இந்த ரசீதுக் கட்டைத்தான். பெயர் மாற்ற உறுதியின் பிரதி, காணிப் பதிவகத்துப் பதிவுப் பிரதி, நில அளவை வரைபடம், அடையாள ஆவணம், நிலுவையில்லாத ரசீது எல்லாம் கேட்பார்கள். இறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளைகளின் பெயரில் உறுதி முடிந்த பிறகுதான் ஏடு மாறும். இதற்கு ஆளை அனுப்புவதென்றால் அற்றோணித் தத்துவம் வேண்டும். அங்கேயே இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பி, இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்து பெறுமதி கூடிப்போனதாகத் தெரிந்தால், அதில் குறித்த தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பூட்டிய வீட்டுக் கேற்றுக்குள் கிடந்து மக்கிப்போவதால்தான் பலருக்கு இந்த வாய்ப்பு தவறுகிறது. ஆட்சேபத்தின் முடிவு சரியில்லையென்றால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

பிரதேச சபைப் பகுதிகளில், அபிவிருத்தி அடைந்த பகுதியென்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குத்தான் இந்த வரி. அதற்கு வெளியே பயிர்செய்கிற காணிக்கு ஏக்கர் வரி வேறு.