பையைத் திறந்து பார்க்கும் கடை: பழைய பொருள்களை நன்கொடையாகப் பெறும் கடைகள் குறித்து ஒரு மதிப்பீடு

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்கே வாங்குவதைப் பற்றியே எழுதுகிறார்கள். கொடுப்பவரை அந்தக் கடை எப்படி நடத்துகிறது, கொடுத்த பொருளை என்ன செய்கிறது என்பவற்றை வைத்து எழுதப்பட்டது இந்த மதிப்பீடு. உடுத்திய துணிகளையும் புழங்கிய பாத்திரங்களையும் சில மரச்சாமான்களையும் பல ஆண்டுகளாக இத்தகைய கடைகளில் கொடுத்து வருகிறேன். கொண்டுபோனதையெல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கி வைக்கும் கடையைவிட, பையைத் திறந்து பார்த்து, "இதை எங்களால் விற்க முடியாது, எடுத்துச் செல்லுங்கள்" என்று நேரில் சொல்லும் கடையையே நான் நம்புகிறேன்.

இந்தக் கடைகளில் நாம் கொடுக்கும் சட்டை பெரும்பாலும் நேராக ஏழை ஒருவரின் கைக்குப் போவதில்லை. அது விற்கப்படுகிறது, விற்ற பணம்தான் நிறுவனத்தின் தொண்டுப் பணிக்குப் போகிறது. ஆகவே விற்க முடியாத பொருள் ஒவ்வொன்றும் அந்த நிறுவனத்துக்குச் செலவு: பிரிக்க ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும், கடைசியில் குப்பையாக அகற்றுவதற்குப் பணமும் கட்ட வேண்டும். கிழிந்ததைக் கொடுத்தால் அவர்கள் தைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1902-இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் தொடங்கிய குட்வில் அமைப்பு, வசதியானவர்களின் வீடுகளிலிருந்து பழைய பொருள்களைத் திரட்டி, வேலையற்ற எளியவர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே பழுதுபார்த்து விற்றது. இன்று வந்து குவியும் துணியின் அளவுக்கு அப்படி ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருக்கப் பெரும்பாலான கடைகளால் இயலாது. பொத்தான் போன சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டியவர் கொடுப்பவர்தான்.

நன்கொடை வாங்கும் மேசையில் நிற்கும் தொண்டர் கழுத்துப்பட்டை, அக்குள், ஜிப் ஆகிய மூன்றையும் பார்த்தாலே ஒரு துணியின் நிலை தெரிந்துவிடும். நான் மதிக்கும் கடைகளில் இதைக் கொடுப்பவரின் முன்னிலையிலேயே செய்கிறார்கள். எவற்றை வாங்குவார்கள், எவற்றை வாங்க மாட்டார்கள் என்ற பட்டியலை வாசலிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மறுக்கும்போது காரணத்தையும் சொல்கிறார்கள்: மூட்டைப்பூச்சி வரக்கூடும் என்பதால் மெத்தை வேண்டாம், விபத்தில் சிக்கியதா என்று அறிய வழியில்லை என்பதால் குழந்தைக்கான கார் இருக்கை வேண்டாம், சோதித்துப் பார்க்க ஆள் இல்லாததால் மின்சாதனம் வேண்டாம். இப்படி ஒருமுறை விளக்கம் கேட்டுத் திரும்பியவர் அடுத்த முறை சரியான பொருளோடு வருவார். சிலருக்கு இந்த மறுப்பு அவமதிப்பாகத் தோன்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மேசையில் நிற்பவர் ஊதியம் இல்லாமல் நிற்கிறார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொடுப்பவரின் பங்கு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. துணியைத் துவைத்தால் மட்டும் போதாது, முழுவதும் உலர்த்த வேண்டும். ஈரம் வாங்கிய ஒரே ஒரு துண்டு கட்டிய பைக்குள் பூஞ்சை பிடித்து மற்ற அனைத்தையும் கெடுத்துவிடும். காலணிகளை இணை இணையாகக் கட்ட வேண்டும், ஏனெனில் பிரிந்துபோன ஒற்றைச் செருப்பை யாரும் வாங்குவதில்லை. சட்டைப்பைகளைத் துழாவிப் பார்ப்பது, கண்ணாடிப் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி "உடையக்கூடியது" என்று எழுதுவது, பொம்மைகளின் மின்கலங்களைக் கழற்றுவது, கைப்பேசியிலும் கணினியிலும் உள்ள தகவல்களை அழிப்பது ஆகிய எல்லாம் நம் பொறுப்பே. குக்கர் கொடுத்தால் அதன் வெயிட்டும் கேஸ்கெட்டும் உடன் செல்ல வேண்டும். பருவத்தையும் பார்ப்பது நல்லது. கோடையின் நடுவில் கொண்டுபோகும் கம்பளிச் சட்டையைச் சிறிய கடைகளால் பல மாதம் வைத்திருக்க முடியாது.

தெருவோர நன்கொடைப் பெட்டிகளை நான் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். சில பெட்டிகள் இலாபத்துக்காக நடத்தப்படுபவை. தொண்டு நிறுவனத்தின் பெயர் வெளியே இருந்தாலும் அதற்குச் சேர்வது சிறு பங்காக இருக்கலாம். பதிவு எண்ணும் தொடர்பு முகவரியும் இல்லாத பெட்டியில் எதையும் போட மாட்டேன். நிரம்பிவிட்ட பெட்டியின் பக்கத்திலும் மூடிய கடையின் வாசலிலும் இரவில் மூட்டையை விட்டுச் செல்லும் பழக்கம் மிகவும் வருத்தம் தருகிறது. ஒரு மழை போதும், நல்ல துணியும் குப்பையாகிவிடும். வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் சேவை முதியோருக்கும் வாகனம் இல்லாதோருக்கும் பேருதவி. ஆயினும் நான் பயன்படுத்திய ஒரு சேவையில் குறித்த நாளில் யாரும் வரவில்லை, தகவலும் இல்லை.

விற்காதவை எங்கே போகின்றன என்று கடையில் கேட்டுப் பாருங்கள். நேர்மையான கடை தயங்காமல் பதில் சொல்லும். வழக்கமாக அவை எடைக்குப் போடப்படுகின்றன. ஒரு பகுதி துடைக்கும் துணியாகவும், ஒரு பகுதி மறுசுழற்சி இழையாகவும் மாறுகிறது, பெரும்பகுதி பேல்கள் எனப்படும் பெரிய பொதிகளாகக் கட்டப்பட்டு வெளிநாட்டுக்குச் செல்கிறது. கானா நாட்டின் அக்ராவில் உள்ள காண்டமாண்டோ சந்தை அத்தகைய பேல்கள் சென்றுசேரும் பெரிய இடங்களில் ஒன்று. அங்கே வியாபாரி பேலைப் பிரித்துப் பார்க்காமலே பணம் கொடுத்து வாங்குகிறார். உள்ளே விலைபோகாத துணி இருந்தால் நட்டம் அவருக்கு, கழிவு அந்த நகரத்துக்கு. நாம் வீட்டில் பிரிக்காமல் விட்ட வேலையின் விலையை முன்பின் தெரியாத ஒருவர் கொடுக்கிறார் என்பதை அறிந்த பிறகு, நைந்த பனியன்களை நான் பைக்குள் வைப்பதே இல்லை. விற்பனையைச் சாராத வழிகளும் இருக்கின்றன: 1999-இல் தில்லியில் தொடங்கப்பட்ட கூன்ஜ் என்ற தொண்டு நிறுவனம், ஊர்மக்கள் தங்கள் ஊருக்காகச் செய்யும் பணிக்கு ஈடாகத் துணிகளை வழங்குகிறது, பழைய பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய்த் துணிகளும் தயாரிக்கிறது.

மரச்சாமான்களைப் பொறுத்தவரை, முதலில் தொலைபேசியில் பேசி, புகைப்படம் அனுப்பி, அளவையும் கீறல்களையும் மறைக்காமல் தெரிவித்த பிறகே வண்டி அமர்த்துவது நல்லது. வரிச்சலுகை உள்ள இடங்களில் ரசீதைக் கையோடு கேட்டு வாங்குங்கள்; பொருள்களின் பட்டியலை நீங்களே எழுதி எடுத்துச் சென்றால், மேசையில் இருப்பவர் அதைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவதும் எளிதாகும்.