ஒன்பதடிப் பலகை: கிழக்குக் கரையின் குட்டி அலைக்கு எது தேறும்?

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ சர்ஃபிங் பயிற்சி முடித்து, இனி சொந்தப் பலகை வேண்டும் என்று தேடுபவர்களுக்குத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அலை பெரும்பாலான நாள் இடுப்பைத் தாண்டாது, உங்கள் எடை 60 முதல் 85 கிலோ, நுரையாக உடையாத அலையில் ஏற இன்னும் தடுமாறுகிறீர்கள் என்றால் வாங்க வேண்டியது 9 அடி முதல் 9 அடி 6 அங்குலம் வரை நீளமுள்ள, அச்சில் வார்த்த எபாக்ஸி லாங்போர்டு. மேல்பக்கம் ஸ்பாஞ்சு போர்த்திய 8 அடி சாஃப்ட்டாப் இரண்டாவது. கையால் இழைத்த, அடிப்பக்கம் மீன் துடுப்பு போன்ற ஒற்றை ஃபின் பொருத்திய பாலியூரித்தேன் பலகை மூன்றிலும் அழகானதுதான், ஆனால் முதல் பலகையாக அது கடைசி.

குட்டி அலை மெதுவாக நகர்ந்தாலும், தள்ளும் வலு அதற்குக் குறைவு. கையால் துழாவி அதன் வேகத்தை எட்டுவதற்குள் அது காலுக்கடியில் நழுவிப் போய்விடும். நீளமும் அகலமும் உள்ள பலகை, குறைந்த வேகத்திலேயே தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கும். அதனால் அலை செங்குத்தாகும் முன்பே அதில் ஏறி, எழுந்து நிற்க இரண்டொரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். 7 அடிப் பலகையில் இந்த அவகாசம் இல்லை.

கடைக்காரர் ‘எத்தனை லிட்டர்’ என்பதை மட்டுமே சொல்வார். அது மிதப்பின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 65 லிட்டர், 75 கிலோவுக்கு 75, 90 கிலோவுக்கு 85 என்று வைத்துக்கொண்டால் தவறாது. ஆனால் மிதப்பு வேறு, ஓட்டம் வேறு. அமெரிக்காவில் காஸ்ட்கோ கடைகள் வழியாகப் பிரபலமான வேவ்ஸ்டார்ம் சாஃப்ட்டாப்பைப் பாருங்கள். 8 அடி நீளம், 22.5 அங்குல அகலம், 3.25 அங்குலக் கனம், 86 லிட்டர். பல ஒன்பதடிப் பலகைகளை விட மிதப்பு அதிகம். பெயரும் கிளாசிக் லாங்போர்டு. போட்டிகளில் 9 அடிக்குக் குறைந்த பலகையை லாங்போர்டாகச் சேர்ப்பதே இல்லை. அதில் படுத்துத் துழாவுவது சுகம்தான், ஆனால் நுரை ஓய்ந்து அலை தட்டையாகும் இடத்தில் அது நின்றுவிடும். அதே இடத்தை ஒன்பதடிப் பலகை வழுக்கிக் கடந்து, அடுத்த மேட்டைப் பிடிக்கும்.

அதற்காக சாஃப்ட்டாப்பை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, குளிப்பவர்களும் குழந்தைகளும் நிறைந்த கரையில், கையை விட்டுப் போன பலகை யார் தலையில் மோதும் என்று சொல்ல முடியாது. அங்கே ஸ்பாஞ்சுப் பலகையே நாகரிகம். வீட்டில் மூன்று பேர் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் அதுவே போதும். வாங்குமுன் அதன் குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபின்களைத் துளை வழியே போல்ட் போட்டு மறுபக்கம் இறுக்கும் மாடல்களில் அந்தத் துளையோரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெயிலில் கிடந்தால் மேல்தோல் உப்பிப் பிரியும், பிரிந்த தோலைத் திரும்ப ஒட்டுவது பெரும்பாலும் வீண்வேலை. கூடவே வரும் பிளாஸ்டிக் ஃபின்கள் வளைந்துகொடுப்பதால் பலகை பக்கவாட்டில் வழுக்கும். வயிற்றுத் தோல் உராய்ந்து சிவந்துபோகும் என்பதால் ராஷ்கார்டு எனும் உடலை ஒட்டிய மேல்சட்டை இல்லாமல் இறங்க முடியாது. பழசானால் விலையும் போகாது.

இனி எபாக்ஸி. டார்க், என்எஸ்பி போன்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் இந்த வகை. உள்ளே அடர்த்தியான தெர்மோகோல், வெளியே எபாக்ஸி ரெசினில் தோய்த்த ஃபைபர் துணி. அச்சில் வார்ப்பதால் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், எடையும் குறைவு. கைவினைப் பலகையின் கனத்த, நிதானமான ஓட்டம் இதில் கிடைக்காது. காற்று அடிக்கும்போது நீர்மேல் கொஞ்சம் துள்ளும். கடல்காற்று கிளம்புவதற்கு முன், விடியற்காலையில் இறங்கும் ஆளுக்கு இது பெரிய குறையில்லை.

கடையில் டேப்பும் நூலும் கையில் இருக்கட்டும். பலகையை இரண்டு ஸ்டூல் மேல் அடிப்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்து வையுங்கள். நேரான நீண்ட மரச்சட்டம் ஒன்றை நடுவில் படும்படி நீளவாக்கில் வைத்து, இரு முனைகளிலும் சட்டத்துக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் ராக்கர், அதாவது பலகையின் வளைவு. முன்முனையில் 4 முதல் 5 அங்குலம், பின்முனையில் 3 அங்குலத்தையொட்டி இருந்தால் குட்டி அலைக்குப் பொருந்தும். அதைவிடக் கூடினால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். முன்முனை 3 அங்குலத்துக்கும் கீழே என்றால், கரையோரத்தில் சட்டென்று மடியும் அலையில் மூக்கு குத்தி ஆளைத் தூக்கி எறியும். அடுத்து, மூக்கு நுனியிலிருந்து 12 அங்குலம் உள்ளே நூல் பிடித்து அகலம் பாருங்கள்: 17 முதல் 18.5 அங்குலம் வேண்டும். நடு அகலம் 22.5 முதல் 23, கனம் 3 அங்குலத்தையொட்டி. இந்த எண்களெல்லாம் சரியாக இருந்தால் மேலே என்ன பிராண்ட் ஸ்டிக்கர் என்பது இரண்டாம் பட்சம்.

ஃபின் அமைப்பில் ‘2+1’ கேளுங்கள்: நடுவில் 10 அங்குல நீளப் பள்ளம், இருபுறமும் சின்னப் பெட்டிகள். 7 அங்குல நடு ஃபினும் இரு பக்கச் சிறு ஃபின்களும் போட்டு ஆரம்பிக்கலாம். திருப்பம் பழகிய பிறகு பக்க ஃபின்களைக் கழற்றிவிட்டு 8 அல்லது 9 அங்குல ஒற்றை ஃபின் போட்டால், அதே பலகை வேறு பலகை போல நடக்கும். பக்கப் பெட்டிகள் எஃப்சிஎஸ் வகையா ஃப்யூச்சர்ஸ் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றின் ஃபின் மற்றொன்றில் நுழையாது. நடு ஃபினைப் பொருத்தும் முறை: சின்ன உலோகத் தகட்டைப் பள்ளத்தின் திறப்பில் இறக்கி முன்பக்கம் தள்ளுங்கள். ஃபினின் பின் ஊசியைத் திறப்பில் செருகிப் பின்னால் நகர்த்துங்கள். பிறகு முன்பக்கத்தை அழுத்தி, ஓட்டைக்கு நேரே தகட்டைக் கொண்டுவந்து திருகை முடுக்குங்கள். ஃபின் பின்னால் போகப் போகப் பலகை நேராக ஓடும், முன்னால் வர வர எளிதில் திரும்பும். முதலில் நடுவில் வைப்பதே நல்லது. அந்தத் தகடும் திருகும் மணலில் விழுந்தால் விழுந்ததுதான், உபரியாக இரண்டு செட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிவையுங்கள்.

எபாக்ஸியின் உண்மையான வம்பு, அது அடிபடும்போதுதான் தெரியும். நம் கரையில் ஃபைபர் போட் பழுதுபார்க்கும் பட்டறை இல்லாத மீனவக் குப்பம் அரிது. ஃபைபர் மேட், ரெசின், ஹார்டனர் எல்லாம் அங்கே கிடைக்கும், வேலையும் சுத்தமாக இருக்கும். பாலியூரித்தேன் பலகையை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம், கவலையில்லை. எபாக்ஸிப் பலகையைக் கொடுத்தால் தொலைந்தது. படகுக்குப் போடுவது பாலியஸ்டர் ரெசின், அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். சின்ன விரிசலை அடைக்கப் போய், உள்ளே கை நுழையும் பொந்து உண்டாகும். படகுக்காரர் மேல் தப்பில்லை, மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் பலகை எந்த வகை என்று சந்தேகமா? உடைந்த இடத்தைப் பாருங்கள். குண்டு குண்டாக மணிகள் தெரிந்தால் தெர்மோகோல், வழவழவென்று மாவு போல உதிர்ந்தால் பாலியூரித்தேன்.

அதனால் எபாக்ஸிப் பலகை வாங்கும் அன்றே எபாக்ஸி ரெசினும் வாங்கிவிடுங்கள். வெயிலில் இறுகும் ட்யூப் வாங்குவதானால், எபாக்ஸி பலகைக்கு உரியது என்று அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும், பாலியஸ்டர் ட்யூபும் அதே அலமாரியில்தான் இருக்கும். விரிசல் கண்டதும் கரையேறிவிடுவது முதல் விதி. தெர்மோகோல் உப்புத்தண்ணீரை மெல்ல மெல்ல உறிஞ்சும். நல்ல தண்ணீரில் கழுவி, விரிசல் கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து, சொட்டுவது நின்று தொட்டால் ஈரம் தெரியாத வரை சில நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால், வெயிலில் அந்த ஈரம் ஆவியாகித் தோலைத் தள்ளிப் பிரிக்கும். காய்ந்த பிறகு சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து ரெசின் விடுங்கள். ஆழமான குழி என்றால் ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. எபாக்ஸி இறுகும்போது சூடாகும், மொத்தமாக ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே தெர்மோகோல் சுருங்கிவிடும். மெல்லிய அடுக்குகளாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது. அவசரத்துக்கு ஹார்டுவேர் கடை எம்-சீல் தாங்கும், அதுவும் எபாக்ஸிதான். பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

பாலியூரித்தேன் கைவினைப் பலகைக்கு ஒரு பத்தி போதும். எடை கூடியது, நடுவில் மரச்சட்டம், 9 அல்லது 10 அங்குல ஒற்றை ஃபின். ஓட்டத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஏறி இறங்கும் மணல்திட்டில் அந்த நீள ஃபின் முதலில் தரை தட்டும், பெட்டியோரம் கீறல் விடும். கைப்பிடி தவறினால் மேல்தோலில் எளிதாகப் பள்ளம் விழும். இரண்டாவது பலகையாக வாங்குங்கள்.

பழைய பலகைக்குத்தான் நல்ல பேரம் படியும், ஏமாற்றமும் அங்கேதான். சர்ஃப் பள்ளிகளும், ஊர் மாறிப் போகிறவர்களும் விற்பதுண்டு. போகும்போது, கால் வழுக்காமல் பலகை மேல் தேய்க்கும் மெழுகான வேக்ஸைச் சுரண்டும் சீப்பு ஒன்று எடுத்துக்கொண்டு, மேலே படிந்த வேக்ஸை முழுக்கச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பிவிடலாம், அழுக்கு வேக்ஸுக்கு அடியில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். பெரிய ஸ்டிக்கரையும் சந்தேகிக்கலாம். நிற்கும் இடத்திலும் மார்பு அழுந்தும் இடத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள்: அமுங்கி எழுந்தால் தோல் பிரிந்துவிட்டது. ஃபின் பெட்டியைச் சுற்றி முடி போன்ற கோடுகள் இருந்தால் அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். அடிப்பக்கம் குறுக்காக, விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு மடிப்பு ஓடினால் பலகை ஒருமுறை பாதி முறிந்திருக்கிறது, வாங்காதீர்கள். கடைசியாக, பின்முனை கீழே இருக்கும்படி சில நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் கசிந்தாலோ, அதே அளவுள்ள வேறு பலகையை விடக் கனத்தாலோ உள்ளே ஊறியிருக்கிறது.

பலகையைக் காலோடு பிணைக்கும் வடமான லீஷ் பலகையின் நீளத்துக்கே, 9 அடி, 7 மில்லிமீட்டர் கனம். முழங்காலுக்குக் கீழே கட்டும் வகை, பலகையின் மேல் நடக்கும்போது காலில் சிக்காது. இதில் பலரும் கவனிக்காதது அந்தச் சின்னக் கயிறு. பலகையில் பதித்த சிறு குழியோடு லீஷை இணைக்கும் கயிறு நீளமாக இருந்தால், விழும்போதெல்லாம் லீஷ் வடமே விளிம்பில் உராய்ந்து, வெட்டுக்கத்தி போல ரெயிலை, அதாவது அந்தப் பக்க விளிம்பை, அறுக்கும். விளிம்பின் மேல் படவேண்டியது லீஷின் நுனியிலுள்ள அகலமான துணிப்பட்டை. அப்படிப் படும் அளவுக்குக் கயிற்றைக் குறுக்கிக் கட்டுங்கள். வேக்ஸ் டிராபிக்கல் வகை, 24 டிகிரிக்கு மேல் சூடுள்ள நீருக்கானது. குளிர்நீர் வேக்ஸ் வாங்கினால் கோவளத்தில் கரைக்கு வருமுன்னே வழிந்துவிடும். முதலில் அடித்தளப் பூச்சு, குமிழ் குமிழாக எழும்பும் வரை, அதன் மேல் டிராபிக்கல்.

பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகும் பிரச்சினை. 9 அடி என்றால் 2.74 மீட்டர், அடுக்குமாடி லிஃப்டில் பெரும்பாலும் நுழையாது. படிக்கட்டின் திருப்பத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். கார் கூரையில் ஃபின் முன்பக்கம், மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வைத்து, வாருக்கும் பலகைக்கும் இடையே ஸ்பாஞ்சு விட்டுக் கட்டலாம். பல்சக்கரத்தால் இறுக்கும் ராட்செட் வார் வேண்டாம், இறுக்கும் வேகத்தில் ரெயில் நசுங்கும். மூடிய காரில் மதியவெயிலில் விட்டுப்போனால் எபாக்ஸிப் பலகை உப்பும். சில பலகைகளில் காற்றுப்போக ஒரு திருகு இருக்கும். வெயிலில் வைக்கும்போதும் விமானத்தில் அனுப்பும்போதும் அதைத் திறக்க வேண்டும், தண்ணீரில் இறங்குமுன் மூடியே ஆகவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், பெட்டியின் நீளத்துக்கான சரக்குக் கட்டணத்தையும் சுங்கத்தையும் சேர்த்து எழுத்தில் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். இலங்கைப் பயணம் திட்டத்தில் இருந்தால், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறுகம்பேயில் 8, 9, 9 அடி 6 அங்குலம் என்று மூன்று அளவையும் வாடகைக்கு எடுத்து ஒரே அலையில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் 8 அடியே பிடித்திருந்தால், இந்தத் தீர்ப்பை மீறி அதையே வாங்குங்கள்.