'சர்க்கரை இல்லை' ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

எனக்குச் சுகர் உண்டு. அதைச் சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். 'சர்க்கரை இல்லை, சுகர் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர். 3 வருடமாகச் சாக்லேட் பக்கமே போகாதவன் நான். 100 கிராமையும் மாலை 6 மணிக்கு ஒரே மூச்சில் காலி செய்துவிட்டேன்.

8 மணிக்குக் குத்திப் பார்த்தால் சுகர் நன்றாகவே ஏறியிருந்தது. வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். கழிவறைக் கதவைச் சாத்தக்கூட நேரமில்லை.

மறுநாள் அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். பாதி எழுத்து பசையோடு வந்துவிட்டது. மிச்சத்தில் 'மால்டிடால், 40 கிராம்' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், 'அதிகம் சாப்பிட்டால் பேதியாகலாம்'. சரியாக அந்த வரியின் மேல்தான் ஒட்டியிருக்கிறார்கள்!

மால்டிடால் 'சுகர் ஆல்கஹால்' வகை (போதையெல்லாம் ஏறாது). சர்க்கரையின் இனிப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இதற்கு உண்டு. சிறுகுடல் இதை முழுதாக உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும். அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். உறிஞ்சப்படும் பங்கு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரையைவிடக் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு.

உறையில் 'நிகர கார்ப் 3 கிராம்' என்று வேறு (அதாவது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் கார்போஹைட்ரேட் இவ்வளவுதானாம்). மால்டிடாலை முழுதாகக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. எரித்ரிட்டால் என்ற இன்னொரு சுகர் ஆல்கஹாலை அப்படிக் கழித்தாலாவது ஒத்துக்கொள்ளலாம், அது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். மால்டிடாலுக்கு அது மோசடிக் கணக்கு.

கடைக்குப் போய்க் கேட்டேன். "எல்லாம் உறையிலேயே இருக்கிறதே சார்" என்றார். எதற்கு அடியில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிரித்த பொருளுக்குப் பணமும் திரும்பாதாம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சூயிங்கம் டப்பாவிலும் அதே தங்க ஸ்டிக்கர். என் வீட்டில் நாய் இருக்கிறது. சூயிங்கத்தில் சைலிட்டால் என்ற சுகர் ஆல்கஹாலைச் சேர்ப்பது சாதாரணம். கொஞ்சம் உள்ளே போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். "இதையாவது உரித்துக் காட்டுங்கள்" என்றேன். டப்பாவை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.