ரோத்தன்பர்க்கில் இரவு, பாம்பெர்க்கில் பகல்

ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் தங்கி, பக்கத்தில் ஒரு பழைய ஊரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு பெயர்களில்தான் குழப்பம் வரும்: மேற்கே ரோத்தன்பர்க், வடக்கே பாம்பெர்க். பலரும் முதல் ஊருக்குப் பகலில் போய், கூட்டத்தில் இடிபட்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்புகிறார்கள். ஊர்மேல் தப்பில்லை, போன நேரம்தான் தப்பு.

ரோத்தன்பர்க்கின் ப்ளோன்லைன் முனையைப் பாருங்கள். தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒல்லியான மஞ்சள் வீடு, இருபக்கமும் ஒவ்வொரு கோபுரவாசல். நாட்காட்டிகளில் வரும் அதே காட்சி. காலை 11 முதல் மாலை 4 வரை சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் அங்கே குவியும். ஆள் தலையில்லாமல் படம் எடுப்பது கஷ்டம். மாலை 6 மணிக்குமேல் அதே தெருவில் உங்கள் காலடி ஓசை உங்களுக்கே கேட்கும். சுற்றுலாப் பருவத்தில் இரவு 8 மணிக்குச் சந்தைச் சதுக்கத்தில், பழங்கால இரவுக்காவலர் வேடத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் ஊரைச் சுற்றிக்காட்டும் உலா தொடங்கும். பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களுக்கு இரண்டும் கிடையாது.

ரோத்தன்பர்க்கைச் சுற்றியுள்ள மதில்மேல் நடக்கக் கட்டணமில்லை. கூரை போட்ட குறுகிய நடைபாதை. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும், உயரமானவர்கள் உத்தரத்தில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வழியெங்கும் பெயர் பொறித்த கற்கள் இருக்கும். 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டப் பணம் தந்தவர்களின் பெயர்கள் அவை. அதாவது, நீங்கள் பார்க்கும் 'இடைக்கால' ஊரில் ஒரு பகுதி போருக்குப் பின் கட்டியது. பாம்பெர்க் போரில் பெரிதாக அடிபடவில்லை. 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பழமை அசலாக இருக்கவேண்டும் என்பவர்களுக்கு அதுதான் சரி.

இரண்டு ஊரிலும் ஒரே சிற்பியின் வேலை இருக்கிறது: டில்மான் ரீமன்ஷ்னைடர். ரோத்தன்பர்க் யாக்கோபு தேவாலயத்தில் அவர் செதுக்கிய திரு இரத்தப் பீடம் மேற்கு மாடத்தில், படியேறிப் போகும் இடத்தில் இருக்கிறது. கீழேயே சுற்றிவிட்டு அதைப் பார்க்காமல் வெளியேறுகிறவர்கள் உண்டு. வர்ணம் பூசாத மரம். கடைசி இராவுணவுக் காட்சியில் நடுவில் நிற்பது இயேசு அல்ல, பணப்பையோடு யூதாஸ். பின்னாலுள்ள சிறு கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் வரும் என்பதால் வெயில் நாளில் போவது நல்லது. பாம்பெர்க் பேராலயத்தில் பேரரசர் இரண்டாம் ஹென்றி, குனிகுண்டே தம்பதியின் கல்லறை அதே கையால் ஆனது. பக்கவாட்டில் குனிகுண்டே பழுக்கக் காய்ச்சிய கொழுமுனைகள்மேல் நடக்கிறாள். ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

பாம்பெர்க்கின் பழைய நகரமன்றம் ஆற்றின் நடுவே நிற்கிறது. சுவரோவியத்தில் ஒரு குழந்தை தேவதையின் கால் மட்டும் நிஜமாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தேடிப் பாருங்கள்.

சாப்பாட்டிலும் பாம்பெர்க்தான். பீச் (beech) மரப்புகையில் உலர்த்திய மால்ட்டில் (முளைகட்டிய தானியத்தில்) செய்யும் ரவுக்பியர் என்ற பீர், முதல் வாயில் புகைபோட்ட இறைச்சி வாசனை அடிக்கும். ஷ்லெங்கர்லா என்ற மதுவிடுதியில் மரப்பீப்பாயிலிருந்து நேரே ஊற்றித் தருவார்கள். அரை லிட்டர் ஒன்றை இருவர் பகிர்ந்து தொடங்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டியது, 'பாம்பெர்க் வெங்காயம்' என்ற பண்டத்துக்குள் இருப்பது பன்றிக்கொத்துக்கறி. ரோத்தன்பர்க்கின் ஷ்னேபால், நாடாவாக வெட்டிய மாவை உருட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவியது. பார்க்க அழகு, கடித்தால் பொலபொலவென உதிரும். ஒன்று போதும்.

ரயிலைப் பொறுத்தவரை பாம்பெர்க் எளிது. வட்டார விரைவு ரயில் நேரே போகும், முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து பழைய ஊர் 20 நிமிட நடை. பேராலயம் மேட்டில் இருக்கிறது, மூட்டுவலிக்காரர்களுக்குப் பேருந்து நல்லது. ரோத்தன்பர்க்குக்குப் பெரும்பாலும் அன்ஸ்பாக், ஷ்டைனாக் என்று இரண்டு இடத்தில் மாறவேண்டும், ஒன்றேகால் மணி நேரமாகும். ஷ்டைனாக்கிலிருந்து கிளை ரயில் மணிக்கு ஒன்றுதான். முந்தைய ரயில் பத்து நிமிடம் தாமதித்தால் ஒரு மணி நேரம் போச்சு. சீட்டு எடுக்கும்போது 'ஓப் டெர் டாபர்' என்று முழுப்பெயர் இருக்கிறதா பாருங்கள்; ஜெர்மனியில் வேறு ரோட்டன்பர்க்குகளும் உண்டு. பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டு) வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது.

ஒரே ஓர் இரவு கையிலிருந்தால் அதை ரோத்தன்பர்க்கில், மதிலுக்குள்ளேயே செலவிடுங்கள். பெட்டியை மட்டும் சிறியதாக எடுத்துப் போங்கள். கருங்கல் தெருவில் சக்கரம் உருளாது.